பாம்பு வளர்க்கலாமா?

சோளப் பாம்பு குறித்து ஒரு பாடம்

 

வார இறுதி வகுப்பொன்றில் விலங்குகளின் இளமைப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பசுவிற்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, கீரிக்குப் பிள்ளை, பாம்பிற்குக் குட்டி எனச் சொல்லி வருகையில், பதினோரு அகவை நிரம்பிய மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, பாம்புக் குட்டி ஒன்றை வீட்டில் வளர்க்கலாமா? அம்மா கூடாது என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்."

வகுப்பே சிரித்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் சிலர் சோளப் பாம்பு என்னும் நஞ்சற்ற பாம்பினை வளர்த்து வருவதைப் படங்களில் கண்டிருந்தான். அதன் நிறம், நீளம், உணவு அனைத்தையும் ஒப்பித்தான். இன்னும் இரண்டு ஆண்டுகளில் தன் குடும்பம் திருச்சிக்குத் திரும்பவிருப்பதையும் இடையே சொன்னான்.

அவனுக்கு அன்று "ஆம்" என்றும் சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. "மலரில் விடை எழுதுகிறேன், தம்பி, அதற்குமுன் நீ எனக்கு விடை சொல்ல ஐந்து வினாக்கள் தருகிறேன்" என்றேன். அவ்வினாக்களை இப்பாடத்தின் இறுதியில் காண்பீர்கள். அவற்றுக்கு விடை காண வேண்டிய செய்திகள் இதோ.

சோளப் பாம்பு எது?

ஆங்கிலத்தில் கார்ன் ஸ்நேக் என வழங்கும் இப்பாம்பின் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியாகும். ஃப்ளோரிடா மாநிலம் முழுவதும் இது பரவி வாழ்கிறது. உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அப்பெயரில் உள்ள குட்டாட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புள்ளிகளை உடையது என்று பொருள். செம்மஞ்சள் நிற உடலில் கருங்கரையிட்ட சிவந்த திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். வயிற்றுப்புறம் கறுப்பும் வெளுப்புமாகச் சதுரங்கக் கட்டங்களைப் போல் தோன்றும். அந்தத் தோற்றம் சில வகை மக்காச்சோள மணிகளை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்ததால் வந்தது என்பர் வேறு சிலர்.

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஓரடிக்கும் குறைந்த நீளமுடையது. மூன்று ஆண்டளவில் முழுவளர்ச்சி எய்தி, மூன்று முதல் ஐந்து அடி நீளம் வரை வளரும். இதற்கு நஞ்சில்லை. இரையை உடலாற் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். நம் ஊர் வயல்களில் எலிகளை உண்டு உழவனுக்கு உதவும் சாரைப் பாம்பும் இதுவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம்மூரில் கட்டுவிரியன் என்று தவறாக எண்ணி, நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனை அடித்துக் கொல்வதுண்டு. அவ்வாறே அமெரிக்காவில் காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பு எனக் கருதிச் சோளப் பாம்பைக் கொல்வாரும் உளர். அறியாமைக்கு நாட்டெல்லை இல்லை.

மாணவர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய எண் ஒன்றுண்டு. நன்கு பேணப்படும் சோளப் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். சில அதற்கு மேலும் வாழ்ந்துள்ளன. பதினோரு அகவையில் குட்டியை வாங்கும் சிறுவன், பட்டம் பெற்று வேலையில் அமர்ந்து முப்பதை எட்டும்போதும் அது உயிருடன் இருக்கக்கூடும். நம்மில் பலருடைய குடியிருப்பு விசாவோ ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் சட்டம்

ஐக்கிய அரபு அமீரகம் 2016ஆம் ஆண்டில் 22ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தை இயற்றி, கொடிய விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. சிங்கம், சிறுத்தை முதலியவற்றை வீட்டில் வளர்ப்பது அதனாற் குற்றமாயிற்று. எந்த உயிரினத்தை வைத்திருக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதைக் கடைக்காரரின் வாய்மொழியை நம்பி முடிவு செய்தல் ஆகாது. பருவநிலை மாற்றம் மற்றும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும் தத்தம் நகராட்சியிடமும் பெற்றோர் கேட்டு, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். வளைகுடாவின் பிற நாடுகளுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள. ஒரு நாட்டில் வாங்கியதை மற்றொரு நாட்டிற்கு மகிழுந்தில் எடுத்துச் செல்லலாம் என எண்ணற்க.

வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புயிர் குறித்து என்ன கூறப்பட்டுள்ளது என்பதையும் படித்தல் வேண்டும். உரிமம் பெற்ற கடையில், சிறையிற் பிறந்து வளர்ந்த குட்டியையே, விலைச்சீட்டுடன் பெறுக. காட்டிற் பிடித்ததை வாங்குதல் முறையன்று. அது நோயும் அச்சமும் உடன்கொண்டு வரும்.

இருப்பிடம்

முழுவளர்ச்சியுற்ற சோளப் பாம்பு ஒன்றிற்கு 120 செண்டிமீட்டர் நீளமும் 60 செண்டிமீட்டர் அகலமும் 60 செண்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பேழை பொருத்தமானது. குட்டிக்குச் சிறிய பேழை போதும். பாம்பு உடலை முழுதும் நீட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்பதே அளவுகோல்.

பேழையின் தரையில் ஆஸ்பென் மரச் சீவல்களையோ காகிதத்தையோ பரப்பலாம். தேவதாரு இனத்துச் சீவல்கள் கூடா. அவற்றின் நறுமண எண்ணெய் பாம்பின் மூச்சுறுப்பிற்குத் தீங்கு செய்யும். ஒளிந்துகொள்ள இரு மறைவிடங்கள் இன்றியமையாதவை. ஒன்று சூடான முனையில், மற்றொன்று குளிர்ந்த முனையில் அமைய வேண்டும். மறைவிடம் இல்லாத பாம்பு ஓயாது அஞ்சும், உணவையும் மறுக்கும். உடலை நனைத்துக்கொள்ளும் அளவிற்கு அகன்ற, கவிழாத நீர்க்கிண்ணம் ஒன்றும், ஏறிச் சுற்றிக்கொள்ள உறுதியான கிளை ஒன்றும் வைக்கலாம்.

மூடிக்குப் பூட்டு வேண்டும். சோளப் பாம்பு தப்பிச் செல்வதில் வல்லது. தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழைந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தப்பிய பாம்பு குளிர்காற்றுக் குழாய் வழியே அண்டை வீட்டை அடைந்தால், அங்குள்ளோர் அதை நஞ்சற்றதென அறிவாரோ? பாம்பிற்கும் கேடு, அண்டை வீட்டாருக்கும் அச்சம்.

ஒரு பேழைக்கு ஒரு பாம்பே. "தனியாக இருக்கிறதே, துணை வேண்டாவா?" என்று இரக்கப்படுதல் மனித இயல்பு. சோளப் பாம்போ தனித்து வாழும் உயிர். இரண்டை ஒன்றாக அடைத்தால் ஒன்றையொன்று விழுங்குதலும் நேரும்.

வெப்பமும் ஈரமும்

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பாம்பின் உடல் அவ்வாறன்று. சூழலிலிருந்தே அது வெப்பத்தைப் பெற வேண்டும். ஆகையால் பேழையின் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால், வேண்டும்போது வேண்டும் இடத்திற்கு அது நகர்ந்துகொள்ளும். சூடான முனையில் 29 முதல் 31 பாகை செல்சியஸ், குளிர்ந்த முனையில் 22 முதல் 25 பாகை செல்சியஸ் என அமைத்தல் நன்று. வெப்ப விரிப்போ வெப்ப விளக்கோ எதுவாயினும் தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியுடனே இணைத்தல் வேண்டும். அஃதின்றேல் பாம்பின் தோல் வெந்துவிடும். மின்சாரத்தாற் சூடேறும் செயற்கைக் கற்களைத் தவிர்க்க. வெப்பமானி இரண்டு, முனைக்கொன்றாக இருக்கட்டும்.

பிற நாட்டு நூல்கள் குளிரிலிருந்து பாம்பைக் காக்கும் வழிகளையே மிகுதியாகக் கூறும். வளைகுடாவில் வாழும் நமக்கோ இரண்டு எதிரெதிரான இடர்கள் உள்ளன.

முதலாவது, குளிர்சாதனம். இரவு முழுதும் அது ஓடும் அறை பாம்பிற்கு மிகக் குளிர்ந்துவிடலாம். குளிர்ந்த பாம்பால் உண்டதைச் செரிக்க இயலாது. விழுங்கிய இரை உள்ளேயே கெடும், அல்லது கக்கப்படும். பேழையைக் குளிர்காற்று நேரே வீசும் இடத்தில் வைக்கலாகாது.

இரண்டாவது, குளிர்சாதனம் நின்றுபோதல். வெளியே 45 பாகையைத் தாண்டும் கோடையில், விடுமுறைக்கு ஊர் செல்லும் பலர் மின்கட்டணத்தை எண்ணி அனைத்தையும் நிறுத்திவிட்டுப் புறப்படுகின்றனர். பூட்டிய வீடு சூளையாகிவிடும். 35 பாகைக்கு மேல் நீடித்தால் சோளப் பாம்பின் உயிருக்கே இடர். நிழலில் நிறுத்திய மகிழுந்தில் "ஐந்தே நிமிடம்" விட்டுச் செல்வதும் அத்தகையதே. பாம்பை வாங்கி வரும் நாளில்கூட, முதலில் வண்டியைக் குளிரச்செய்து, பின்னரே அதை ஏற்றி, வழியில் எங்கும் நில்லாது வீடு சேர்க.

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருத்தல் நலம். கடற்கரை நகரங்களின் வெளிக்காற்று நீர்த்துளியாய்ச் சொட்டினும், குளிரூட்டிய அறையின் காற்று உலர்ந்தே இருக்கும். அதனால் ஈரமானி ஒன்றை வைத்து அளவைப் பார்த்தல் வேண்டும்.

உணவு

சோளப் பாம்பு ஊனுண்ணி. பால் குடிக்காது, முட்டைப் பொரியல் உண்ணாது, சோறும் காய்கறியும் ஏற்காது. பாம்பிற்குப் பால் வார்க்கும் வழக்கம் நம்பிக்கையைச் சார்ந்தது, உணவியலைச் சார்ந்ததன்று. அதற்கு வேண்டியது சுண்டெலி. அதுவும் உயிருள்ளதன்று, இறைச்சிக்கென வளர்த்து, உறையவைத்து விற்கப்படுவது. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும். எலிக்கும் அது தேவையற்ற துன்பம். தெருவிலோ கிடங்கிலோ பிடித்த எலி ஒருபோதும் கூடாது. அதன் உடலில் நோய்க்கிருமியும் எலி மருந்தும் இருக்கலாம்.

குட்டிப் பாம்பிற்கு, மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றை ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு ஒருமுறை தருதல் போதும். வளர்ந்த பாம்பிற்குப் பெரிய சுண்டெலி ஒன்று, பத்து முதல் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறை. இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவோ, அதனினும் சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். உறைந்த இரையைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவைத்து, பின்னர் மூடிய பையிலிட்டு வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுக. கையால் நீட்டினால் விரலையும் இரையென்று பற்றும். நுண்ணலை அடுப்பில் சூடாக்குதல் தகாது. ஒருபுறம் வெந்தும் மறுபுறம் உறைந்தும் போகும். அதே அடுப்பில்தானே நமக்கும் உணவு சூடாகிறது!

இங்கே இல்லத்தரசியரின் முகம் சுளிப்பதை அறிவேன். உறைந்த எலிகள் சில மாதங்களாவது வீட்டில் இருக்கும். தனிப் பெட்டியிலோ, இறுக மூடித் தனித்து வைத்த கலத்திலோ அவற்றை வைத்தல் வேண்டும். புலால் உண்ணாத இல்லங்கள் இதை வாங்குமுன்னே எண்ணிப் பார்த்தல் நலம். பாம்பை மரக்கறி உண்ண வைக்க இயலாது. அவ்வாறு முயல்வது அதைப் பட்டினியிட்டுக் கொல்வதற்கு ஒப்பாகும்.

தோலுரித்தல்

வளரும் உடலுக்குப் பழைய தோல் போதாது. இளம் பாம்பு ஏறத்தாழ ஒரு திங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்தது ஆண்டில் சிலமுறையும் தோலை உரிக்கும். அதற்குச் சில நாள் முன்பு நிறம் மங்கும். கண்கள் பால்போல் வெளிறும். பாம்பிற்கு இமை கிடையாது. கண்ணின்மேல் கண்ணாடி போன்ற செதில் ஒன்று உண்டு. அச்செதிலும் தோலுடன் கழலும். அந்நாள்களில் பார்வை குன்றி அச்சம் மிகும். எனவே தொடாதீர்கள், உணவுக்கும் வற்புறுத்தாதீர்கள். ஈரப்பாசி நிறைந்த சிறு மறைவிடம் ஒன்றை வைத்தால் தோல் எளிதிற் கழலும்.

நலமான பாம்பின் சட்டை தலைமுதல் வால்வரை ஒரே துண்டாக வரும். துண்டு துண்டாக வந்தாலும், வால் நுனியிலோ கண்ணிலோ ஒட்டிக்கொண்டாலும் காற்று வறண்டுள்ளது என்று பொருள். குளிரூட்டிய நம் வீடுகளில் இது நேர வாய்ப்புண்டு. ஒட்டிய தோலைப் பிய்த்தெடுத்தல் கூடாது. ஈரமான மறைவிடத்தை அமைத்துக் கொடுத்து, அதன் பின்னும் கழலாவிடில் மருத்துவரிடம் காட்டுக.

கையாளுதலும் தூய்மையும்

புதிதாக வந்த பாம்பை முதல் ஏழு நாள் தொடாமல் விட்டுவிடுக. நண்பர்களை அழைத்துக் காட்டும் ஆவலை அடக்குக. ஓரிரு முறை உணவு உண்ட பின்னரே கையிலெடுக்கலாம். மேலிருந்து திடீரெனப் பற்றினால் கழுகு வந்ததெனக் கலங்கும். பக்கவாட்டில் கை நீட்டி, உடலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் தாங்குக. முதலில் ஐந்து நிமிடம் போதும். உண்டபின் இரண்டு நாள் வரை தூக்கலாகாது. தூக்கினால் உண்டதைக் கக்கிவிடும். எப்போதாவது கடித்துவிட்டால் அஞ்ச வேண்டா. சோப்பும் நீரும் கொண்டு கழுவிப் பெரியவரிடம் சொல்லுக.

பாம்பு உள்ளிட்ட ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர், எவ்வகை நோய்க்குறியும் காட்டாமல் தங்கியிருக்கும். மனிதர்க்கு அது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். ஆதலால் தொட்ட ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் கட்டாயம். முத்தமிடுதல், முகத்தருகே வைத்தல், சமையலறையில் விடுதல், பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர்க்கிண்ணத்தைக் கழுவுதல் ஆகியன கூடா. ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர், நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர் உள்ள வீட்டில் பாம்பு வளர்ப்பதைத் தவிர்த்தலே அறிவுடைமை.

வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் நீர்க்குமிழி, தொடர்ந்து கக்குதல், உடல் மெலிதல், செதில்களுக்கிடையே கரும்புள்ளி போல் ஊரும் உண்ணிகள் ஆகியன நோயின் அடையாளங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் எங்குள்ளார் என்பதைப் பாம்பு வாங்குமுன் அறிந்துகொள்க. குளிர்காலத்தில் வளர்ந்த பாம்பு சில வாரம் உண்ணாதிருத்தல் உண்டு. எடை குறையாதவரை அஃது இயல்பே. ஆகவே, சிறு தராசில் எடைபார்த்து, உண்ட நாள், உரித்த நாள் ஆகியவற்றுடன் குறிப்பேட்டில் எழுதி வருக.

ஓர் எச்சரிக்கை

சோளப் பாம்பைக் கையிலெடுத்துப் பழகியவன், எல்லாப் பாம்பும் இப்படித்தான் என மயங்கிவிடலாகாது. அமீரகத்தின் பாலைவெளியில் மணலுக்குள் புதைந்து கண்மட்டும் தெரியக் கிடக்கும் அரபுக் கொம்புவிரியன் வாழ்கிறது. சுருட்டைவிரியனும் இங்கு உண்டு. தமிழ்நாட்டிலும் அதே சுருட்டைவிரியன், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் ஆகிய நான்கும் உயிருக்கு இடர் விளைப்பவை. பாலைவனத்தில் கூடாரமிட்டு மகிழும்போதும், விடுமுறைக்கு ஊரில் வயல்வரப்பில் நடக்கும்போதும், பாம்பைக் கண்டால் விலகி நின்று வழிவிடுக. இந்தியாவில் வாழும் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஊரில் பிடித்த சாரையை வளர்ப்பதும் அங்குக் குற்றமே.

நாடு திரும்பும் நாள்

இப்போது பாடத்தின் மையத்திற்கு வருகிறோம். குடும்பம் ஊர் திரும்பும் நாளில் பாம்பு என்னாகும்?

பெட்டியிலிட்டு எடுத்துச் செல்ல இயலாது. உரிய இறக்குமதி உரிமமின்றி அயல்நாட்டுப் பாம்பை இந்தியாவிற்குள் கொண்டுவருதல் சட்டத்திற்குப் புறம்பானது. 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து எவரும் உரிமை கோராது கிடந்த இரு பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தனர். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகளும், சிறு குரங்குகளும், நட்சத்திர ஆமைகளும், 8 சோளப் பாம்புகளும் இருந்தன. அவை வந்த நாட்டிற்கே திருப்பியனுப்பப்பட்டன. மூச்சுவிட வழியற்ற பெட்டியில் அவ்வுயிர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பாலைவனத்தில் விட்டுவிடலாமா? கூடாது. இங்குள்ள கோடையில் அது வெந்து மடியும். பிழைத்துப் பெருகினாலோ வேறொரு பேரிழப்பு. இதற்குச் சான்று சோளப் பாம்பின் தாயகமான ஃப்ளோரிடாவிலேயே உள்ளது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வளர்ப்புயிராகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள், தப்பியும் உரிமையாளர்களாற் கைவிடப்பட்டும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்டன. 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அச்சதுப்புநிலத்தின் சாலைகளில் முன்னர் எளிதிற் காணக்கிடைத்த ரக்கூன்களின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாகக் காட்டியது.

அம்மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017ஆம் ஆண்டில் அமெரிக்கர் அழைத்தது யாரைத் தெரியுமா? நம் தமிழகத்து இருளர் பழங்குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரை. மண்ணில் பதிந்த தடத்தையும் உரித்த சட்டையையும் கொண்டே பாம்பின் இருப்பிடம் அறியும் அவ்விருவரும், முதல் இரு வாரங்களுக்குள்ளேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். இந்திய அரசு 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டு, பாம்புக்கடி மருந்து செய்ய உதவிவருகிறது. பாம்பின்மீது உண்மையான அன்பு கொண்டவர் அதை அஞ்சுவதுமில்லை, விளையாட்டுப் பொருளாக்குவதுமில்லை என்பதற்கு அவர்களே சான்று.

எனவே நாடு திரும்புவோர்க்கு ஒரே நேரிய வழி, சட்டப்படி வைத்திருக்கத் தக்க மற்றொருவரிடம் பேழையோடும் குறிப்பேட்டோடும் பாம்பை ஒப்படைப்பதே. அவரை இறுதி வாரத்தில் தேடுதல் தகாது. வாங்குமுன்னே கண்டறிதல் வேண்டும்.

அந்த மாணவனின் விடை

நான் கொடுத்த ஐந்து வினாக்களுள் நான்கிற்கு அம்மாணவன் மறுவாரமே அழகிய கையெழுத்தில் விடை எழுதி வந்தான். ஐந்தாவதற்கு நேரே வெற்றிடம் இருந்தது. "அம்மாவிடம் கேட்டாயா?" என்றேன்.

"கேட்டேன் ஐயா. அம்மா பாம்புக்குப் பயந்து கூடாது என்றார் என நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கள் எதிர்வீட்டார் ஊருக்குத் திரும்பியபோது பூனையை மாடிப்படியில் விட்டுச் சென்றார்கள். அது பல நாள் அதே கதவின் முன் உட்கார்ந்திருந்ததாம். அம்மாதான் சோறு வைத்தாராம். இன்னொரு கதவின் முன் இன்னொரு உயிர் உட்காரக் கூடாது என்கிறார்."

அன்னையின் சொல்லுக்கு மேல் ஆசிரியன் சொல்ல என்ன இருக்கிறது? பாம்பு கதவின் முன் காத்திராது. ஆயினும் கைவிடப்பட்ட உயிரின் துன்பம் ஒன்றே. அவன் இப்போதைக்கு வேண்டாமென முடிவு செய்தான். அதற்கு மாற்றாக, ஷார்ஜாவில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரேபிய வனவிலங்கு மையத்திற்குத் தந்தையுடன் சென்று, இம்மண்ணின் பாம்புகளைக் கண்ணாடிக்கப்பால் கண்டு வந்தான். ஊர் சென்றதும், கிண்டியில் 1972ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னைப் பாம்புப் பண்ணையைக் காண வேண்டுமெனக் குறித்தும் வைத்துள்ளான். வளர்ந்து ஓரிடத்தில் நிலைத்த பின், சட்டமும் இடமும் இடந்தருமாயின், வளர்ப்பதைப் பற்றி அவன் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அதுவரை அவன் கற்றது வீண்போகாது.

நீண்ட நாள் இங்கேயே வாழவிருக்கும் குடும்பங்கள், சட்டத்தை அறிந்து, இல்லத்தார் அனைவரும் மனமொப்பி, ஐந்து வினாக்களுக்கும் விடை கண்டபின் சோளப் பாம்பை வளர்க்க விரும்பினால் நான் தடை சொல்லேன். அமைதியான, அழகிய, அறிவை வளர்க்கும் உயிர் அது. வளர்ப்பது என்னும் சொல்லுக்கு வாங்குவது என்று பொருளில்லை. இறுதிவரை காப்பது என்பதே பொருள்.

வாங்குமுன் விடை காண வேண்டிய ஐந்து வினாக்கள்

1. நாம் வாழும் நாட்டின் சட்டமும் வாடகை ஒப்பந்தமும் இதை அனுமதிக்கின்றனவா? அதற்கு எழுத்துச் சான்று உண்டா?

2. வீட்டிலுள்ள அனைவரும், உறைந்த எலியை வீட்டில் வைப்பது உட்பட, மனமுவந்து இசைந்துள்ளனரா?

3. கோடை விடுமுறையில் நாம் ஊரில் இருக்கும்போது, குளிர்சாதனத்தையும் நீரையும் கவனித்துக்கொள்பவர் யார்?

4. ஊர்வனவற்றிற்கு மருத்துவம் செய்யும் மருத்துவர் எங்குள்ளார்?

5. நாம் இந்நாட்டை விட்டுப் புறப்படும் நாளில் இதை ஏற்றுக்கொள்பவர் யார்?

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
திங்கள் – மாதம்
பேழை – பெட்டி
விழுக்காடு – சதவீதம்
ஊர்வன – பாம்பு, பல்லி, ஆமை முதலிய உயிரினங்கள்
சட்டை – பாம்பு உரித்த தோல்

பயிற்சி

அ. பாம்பின் இளமைப் பெயர் யாது? எலி, அணில், கீரி, யானை ஆகியவற்றின் இளமைப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.

ஆ. வளைகுடா வீட்டில் சோளப் பாம்பிற்கு நேரக்கூடிய இரு வெப்ப இடர்கள் யாவை?

இ. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நிகழ்ந்ததை ஐந்து வரிகளில் சொந்த நடையில் எழுதுக.

ஈ. உங்கள் வீட்டில் வளரும் உயிர் ஒன்றுக்கு, அது மீனாயினும் கிளியாயினும் பூனையாயினும், ஐந்தாம் வினாவிற்குரிய விடையைப் பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.